பவர்டு ஸ்பீக்கருக்கு மேல் இன்னொரு பிராசஸர் எதற்கு?

டிஜே ஒருவர் புதிதாகப் பவர்டு ஸ்பீக்கர் வாங்கினால் போதும், அறிவுரைகள் வரிசைகட்டி வந்துவிடும். "நடுவில் ஒரு சிக்னல் பிராசஸர் போடு, சத்தத்தின் தரமே மாறிவிடும்" என்பார் ஒருவர். "ஸ்பீக்கருக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது, வெளியிலிருந்து பிராசஸர் போட்டால் கெட்டுத்தான் போகும்" என்பார் இன்னொருவர். இருவரும் அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இருவருமே சொல்வதில்லை.

நான் முதலில் சேர்ந்தது முதல் கட்சியில். இரண்டு டாப் (பேஸுக்கு மேலுள்ள ஒலிகளுக்கான ஸ்பீக்கர்), இரண்டு சப் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்), நடுவில் ஒரு பிராசஸர் என்று பெருமையாக அடுக்கிவைத்த ஓர் இரவு, நெஞ்சில் வந்து மோத வேண்டிய கிக் டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஒலித்தது. கேபிளை மாற்றினோம். சப்பை நகர்த்தினோம். ஈக்வலைஸரில் பேஸைத் தூக்கினேன். சத்தம் வரம்பு மீறாமல் அமுக்கும் லிமிட்டரின் விளக்குகள் எரிந்தனவே தவிர கிக் திரும்பி வரவில்லை. காரணம் மறுநாள்தான் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்பு, பெட்டிக்குள் யார் இருக்கிறார் என்று பார்த்துவிடலாம்.

பெட்டிக்குள் குடியிருப்பவர்

மிக்ஸரிலிருந்து வரும் சிக்னல் மெலிதானது. ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் வலு அதற்குக் கிடையாது. அந்த வலுவைக் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். முன்பு ஆம்ப் தனியாக ரேக்கில் இருக்கும், ஸ்பீக்கர் தனியாக மேடையில் நிற்கும். ஆம்ப்பையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் அது பவர்டு ஸ்பீக்கர்.

ஆம்ப் உள்ளே போனபோது இன்னொன்றும் கூடவே உள்ளே போனது. அதுதான் சிக்னல் பிராசஸர். சிக்னல் ஆம்ப்பை அடைவதற்கு முன்பு அதை வெட்டி, தாமதப்படுத்தி, கூட்டிக் குறைத்து, எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் சிறு கணினி என்று அதைச் சொல்லலாம். இன்று விற்பனையாகும் பவர்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. பின்பக்கத் திரையில் 'டிஜே', 'லைவ்', 'ஸ்பீச்' என்று தேர்வு செய்கிறீர்களே, அது இதற்கு நீங்கள் கொடுக்கும் கட்டளைதான்.

ரேக்கில் தனியாக வைக்கும் பிராசஸர், ஆம்ப்கள் வெளியே இருந்த காலத்துக்கான விடை. டிபிஎக்ஸ் நிறுவனத்தின் டிரைவ்ரேக் பிஏ2 கருவியில் 2 உள்வழி, 6 வெளிவழி. 6 எதற்கு? இடப் பக்கத்துக்கு மேல், நடு, கீழ் என மூன்று. வலப் பக்கத்துக்கும் அப்படியே மூன்று. ஒவ்வொன்றும் தனி ஆம்ப்புக்குப் போகும். எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர் என்பதையெல்லாம் நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பவர்டு ஸ்பீக்கரில் இந்தப் பாடத்தைத் தயாரிப்பாளர் முன்பே சொல்லிக்கொடுத்து, மூடி திருகிவிட்டார். அதே டிபிஎக்ஸ் பவர்டு ஸ்பீக்கர்களுக்கென்றே டிரைவ்ரேக் பிஎக்ஸ் என்ற கருவியையும் வெளியிட்டது. பவர்டு ஸ்பீக்கர் வந்த பிறகும் வெளியே செய்ய ஏதோ வேலை மிச்சம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த மிச்ச வேலை எது? மூக்குக் கண்ணாடியை எண்ணிப் பாருங்கள். கண் மருத்துவர் அளந்து கொடுத்த கண்ணாடிக்கு மேல் இன்னொரு பவர் கண்ணாடியை மாட்டினால் எழுத்து கலங்கும். அதற்கு மேல் வெயிலுக்கான கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் ஒன்றும் கெடாது. முதல் கண்ணாடிக்கு உங்கள் கண்ணைத் தெரியும், வெளியே அடிக்கும் வெயிலைத் தெரியாது. ஸ்பீக்கரும் அப்படித்தான். தன் உறுப்புகளைப் பற்றி அதற்கு எல்லாம் தெரியும். தான் எந்த அறையில் நிற்கிறோம், பக்கத்தில் நிற்கும் சப் யார் தயாரித்தது, கடைசி வரிசை எவ்வளவு தூரம் என்பவை தெரியாது.

சுருக்கமாக: பவர்டு ஸ்பீக்கருக்குள் ஏற்கெனவே ஒரு பிராசஸர் உண்டு. ஒரு வேலையை யார் செய்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம், அதற்கான தகவல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பெட்டிக்குத் தெரிந்ததைப் பெட்டி செய்யட்டும். தெரியாததை மட்டும் வெளிப் பிராசஸரிடம் கொடுங்கள்.

சல்லடைக்கு மேல் சல்லடை

இசையில் கீழ்க் குரலும் மேல் குரலும் கலந்துதான் வருகின்றன. ஒலி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் சொல்கிறோம். 50 ஹெர்ட்ஸ் என்றால் தரை அதிரும் பேஸ். 10,000 ஹெர்ட்ஸ் என்றால் டிரம் செட்டில் உள்ள ஹை-ஹாட் தாளத்தட்டின் சலசலப்பு. பெரிய கூம்புக்குக் கீழ்ப்பகுதியையும் சிறியவற்றுக்கு மேல்பகுதியையும் பிரித்துக் கொடுக்கும் சல்லடைக்குப் பெயர் கிராஸ்ஓவர்.

டாப்புக்கும் சப்புக்கும் இடையிலான கிராஸ்ஓவர் வழக்கமாக 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது இருக்கும். 100 என்று வைத்துக்கொள்வோம். கத்தியால் வெட்டியது போல 99 இந்தப் பக்கம், 101 அந்தப் பக்கம் என்று அது பிரிக்காது, சரிவாகவே பிரிக்கும். பரவலாகப் பயன்படும் சரிவு வகை லிங்க்விட்ஸ்–ரைலி. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற பொறியாளர்களின் பெயரால் வழங்குவது. 1976-இல் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. அதன் அழகு இதுதான்: சரியாக 100 ஹெர்ட்ஸில் டாப் 6 டெசிபல் குறைந்திருக்கும், சப்பும் 6 டெசிபல் குறைந்திருக்கும், இரண்டும் காற்றில் சேரும்போது குறைவே தெரியாமல் நேர்கோடாகிவிடும். டெசிபல் என்பது ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டுச் சொல்லும் அலகு. 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப்பிடம் இரண்டு மடங்கு ஆற்றல் கேட்கிறீர்கள்; 10 கூட்டினால் பத்து மடங்கு.

இப்போது என் கிக் டிரம் கதைக்கு வருகிறேன். பிராசஸரில் 100 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் வைத்திருந்தேன். டாப் ஸ்பீக்கரின் பின்பக்கமோ ஒரு சிறிய அமைப்பு 'சப் உடன், 100' என்று ஏற்கெனவே இருந்தது. ஒரே சல்லடையில் இரண்டு முறை சலித்துவிட்டேன். 6 டெசிபல் குறைய வேண்டிய டாப் 12 டெசிபல் குறைந்தது. அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு சல்லடையும் அலையைச் சற்றுத் திருப்பியும் விடும். ஒரு சுற்று கூடுதலாகச் சலித்த டாப், 100 ஹெர்ட்ஸில் சப்புக்கு நேர் எதிராகத் திரும்பிக்கொண்டது. சப் காற்றைத் தள்ளும் நேரத்தில் டாப் இழுக்கிறது. ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றையொன்று தின்கின்றன. கணக்குப் போட்டால், நேர்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் 12 டெசிபல் பள்ளம்; ஆற்றலில் பதினாறில் ஒரு பங்கு. கிக் டிரம்மின் உடல் இருப்பது அந்தப் பகுதியில்தான்.

வேடிக்கை என்னவென்றால், டாப், சப் இரண்டிலுமே உள் கிராஸ்ஓவரை இயக்கிவைத்திருந்தால் பள்ளம் 6 டெசிபலோடு நின்றிருக்கும். பாதித் தவறு முழுத் தவறைவிட மோசமாகிவிட்ட கதை.

கிராஸ்ஓவர் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். டாப்பும் சப்பும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்றால், அவர்களே பொருத்திப் பார்த்துச் செய்த உள் கிராஸ்ஓவரை நம்புவேன். பிராசஸரில் அதை அணைத்துவிடுவேன். இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் என்றால் நிலைமை வேறு. இருவரையும் பார்க்கும் இடத்தில் இருப்பது பிராசஸர் மட்டுமே. அப்போது பெட்டிகளின் உள் கிராஸ்ஓவரை அணைத்து, வேலையைப் பிராசஸரிடம் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் தொட முயலாதீர்கள். டாப்புக்குள் கூம்புக்கும், மேல் பகுதியை ஒலிக்கும் ஹார்னுக்கும் இடையில் உள்ள கிராஸ்ஓவர் பெட்டியின் சொந்த விவகாரம். வெளியிலிருந்து அதை அடைய வழியும் இல்லை, தேவையும் இல்லை.

பெட்டியால் அளக்க முடியாத தூரம்

20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். ஒரு மீட்டரைக் கடக்க 2.9 மில்லிசெகண்டு. அற்பமாகத் தெரிகிறதா? 100 ஹெர்ட்ஸ் அலை ஒரு முழு அசைவை முடிக்க 10 மில்லிசெகண்டு ஆகும். பாதி அசைவுக்கு 5. அதாவது சப்பை டாப்பைவிட 1.7 மீட்டர் பின்னால் தள்ளி வைத்தால், அந்த 100 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரெதிராக மோதிக்கொள்ளும். மேடைக்கு அடியில் சப்பைத் தள்ளிவிட்டு, டாப்பை முன்னால் கம்பத்தில் ஏற்றும் பலருக்கும் இது தெரியாமலே நடக்கிறது.

மருந்து, டிலே. கேட்பவருக்கு அருகில் இருக்கும் பெட்டியின் சிக்னலைச் சற்றுக் காக்க வைப்பது. முன்னால் நிற்பவரை நிறுத்தி, பின்னால் வருபவர் சேர்ந்ததும் ஒன்றாக நடப்பது போல. மேலே சொன்ன நிலையில் டாப்பை 5 மில்லிசெகண்டு தாமதப்படுத்த வேண்டும். சப்பை அல்ல, பின்னால் இருப்பதை மேலும் காக்க வைத்துப் பயனில்லை. சொன்னால் எளிதாகத் தெரியும், ஆனால் தலைகீழாகச் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டேப் வைத்து அளந்து கணக்கிடுவது தொடக்கம் மட்டுமே. பெட்டிகளின் உள் பிராசஸர்களும் ஆளுக்குச் சில மில்லிசெகண்டு எடுத்துக்கொள்ளும், மாடலுக்கு மாடல் அது மாறும். ஆகவே காதால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கிராஸ்ஓவர் எண்ணிலேயே, இங்கே 100 ஹெர்ட்ஸில், ஒரு தொடர் ஒலியை மெல்லிய அளவில் ஒலிக்கவிடுங்கள். பிராசஸரில் சப்பின் போலாரிட்டியை, அதாவது தள்ளுவதையும் இழுப்பதையும் இடம் மாற்றும் அமைப்பை, புரட்டுங்கள். பிறகு டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே, ஒலி எங்கே மிக மெலிகிறது என்று தேடுங்கள். கணக்கில் வந்த எண்ணை ஒட்டியே தேடுங்கள். ஒரு முழு அசைவு தள்ளியும் இதே மெலிவு கிடைக்கும். கிடைத்ததும் போலாரிட்டியைப் பழையபடி திருப்பிவிடுங்கள். எதிராக இருந்தபோது மிக நன்றாக அழித்துக்கொண்ட இரண்டும், சேர்ந்திருக்கும்போது மிக நன்றாகக் கூடும். மிக உரத்த இடத்தைத் தேடுவதைவிட மிக மெலிந்த இடத்தைத் தேடுவது காதுக்கு எளிது.

நீண்ட கூடத்தின் நடுவில் துணை ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 20 மீட்டர் தள்ளி வைத்தால் ஏறத்தாழ 58 மில்லிசெகண்டு. அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து சேர்த்தால், ஒலி மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது பிடித்துக்கொள்ளும் இந்தக் குணத்தை ஆராய்ந்தவர் ஹெல்முட் ஹாஸ். 1949-இல் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார்.

சுருக்கமாக: தூரம் பெட்டிக்குத் தெரியாது. எனவே டிலே வெளிப் பிராசஸரின் உரிமையான வேலை.

அறையின் குணம்

ஈக்வலைஸர், சுருக்கமாக ஈக்யூ, என்பது குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் கருவி. அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான்.

பெட்டியின் சொந்தக் குரலைச் சீராக்கும் ஈக்யூ உள்ளேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் 'டிஜே' தேர்வில் பெரும்பாலும் பேஸும் மேல் பகுதியும் தூக்கியிருக்கும். அதற்கு மேல் பிராசஸரில், இரு ஓரங்களையும் தூக்கி நடுவைத் தாழ்த்தும் ஒரு புன்னகை வளைவு. அதற்கும் மேல் மிக்ஸரில் பேஸ் குமிழ், கடிகார முள் போல, இரண்டு மணி நிலைக்குத் திருகியிருக்கும். மூன்று பேர் ஆளுக்கு 4 டெசிபல் தூக்கினால் மொத்தம் 12. பதினாறு மடங்கு ஆற்றல். எந்த ஆம்ப்பும் அதைக் கொடுக்காது. லிமிட்டர் வந்து அமுக்கும், பாட்டு மூச்சுத் திணறும். பிராசஸர் போட வேண்டும் என்று முடிவு செய்தால், பெட்டியின் தேர்வை முதலில் 'ஃப்ளாட்'டுக்குக் கொண்டுவாருங்கள்.

வெளி ஈக்யூவின் வேலை அறையைப் பற்றியது. 7 மீட்டர் நீளமுள்ள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 49 ஹெர்ட்ஸ் அலை போய் வந்து தன்னோடு தானே சேர்ந்து நின்றுவிடும். சுவரோரத்திலும் நட்டநடுவிலும் அது முழங்கும். சுவரிலிருந்து நாலில் ஒரு பங்கில், அதாவது 1.75 மீட்டரில், ஏறக்குறைய காணாமல் போகும். நீங்கள் நிற்கும் இடத்தில் பேஸ் இல்லை என்று அங்கிருந்தே ஈக்யூவில் 49-ஐத் தூக்கினால் அது விழலுக்கு இறைத்த நீர். பள்ளத்தில் நிற்பவருக்கு எதுவும் கூடாது. சுவரோரம் நிற்பவருக்குக் காதடைக்கும். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் ஈக்யூவால் வரும் பாதி வம்பு குறையும். பள்ளத்துக்கு மருந்து பெட்டியை நகர்த்துவதுதான். சுவரை ஒட்டிய சப்பில் பேஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும். இந்த ஈக்யூவுக்கு மின்சாரம்கூட வேண்டாம்.

சில பிராசஸர்கள் மைக் வைத்து அளந்து தாமே ஈக்யூ போட்டுத் தரும். பயன்படுத்தலாம், ஆனால் மைக் நின்ற ஒரே இடத்தின் கதைதான் அது என்பதை மறக்கக் கூடாது. நாலைந்து இடங்களில் அளந்து, எல்லா இடத்திலும் தலைகாட்டும் மேடுகளை மட்டும் குறையுங்கள். ஆட்கள் நிறைந்ததும் உடலும் உடையும் மேல் பகுதியை உறிஞ்சும். வெற்று அறையில் சற்றுக் கூர்மையாகக் கேட்பது நிகழ்ச்சியில் சரியாகிவிடக்கூடும்.

லிமிட்டர்: வீட்டுக்காவலும் வாசல் காவலும்

லிமிட்டர் என்பது சிக்னல் ஒரு வரம்பைத் தாண்டாமல் அமுக்கிப் பிடிக்கும் காவலாளி. பவர்டு ஸ்பீக்கரின் உள் லிமிட்டருக்குத் தன் ஆம்ப் எவ்வளவு கொடுக்கும், தன் கூம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரியும். வெளி லிமிட்டருக்கு இது எதுவும் தெரியாது. மேலும், பெட்டியின் பின்னால் உள்ள அளவுக் குமிழை யாராவது திருகினால், வெளியே நீங்கள் கணக்கிட்டு வைத்த வரம்புக்கு அர்த்தமே போய்விடும். ஆகவே 'ஸ்பீக்கரைக் காக்க' என்று வெளி லிமிட்டரை வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் அதற்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது. பலர் மாறி மாறி வாசிக்கும் இரவில், ஒவ்வொருவரும் முந்தையவரைவிடச் சற்று உரக்க வைப்பார். மூன்றாவது ஆள் வரும்போது பெட்டிகளின் உள் லிமிட்டர்கள் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும். வெளி லிமிட்டரை அதற்குச் சற்றுக் கீழேயே வைத்து, பிராசஸரைப் பூட்டிவிட்டால், இந்த இடத்தில் இவ்வளவுதான் என்று ஒரு எல்லை அமைந்துவிடும். அந்தக் கூடத்தில் எவ்வளவு சத்தம் சரி என்ற தகவல் பெட்டியிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

பிராசஸரால் திருத்த முடியாத ஒன்று

மிக்ஸரில் சிவப்பு விளக்கு நிலையாக எரிகிறது என்றால் அலையின் தலை வெட்டுப்படுகிறது என்று பொருள். இதற்கு க்ளிப்பிங் என்று பெயர். வெட்டுப்பட்ட பிறகுதான் அந்தச் சிக்னல் பிராசஸருக்கு வருகிறது. அதன் அளவைக் குறைக்கலாம், வெட்டிய தலையை ஒட்ட முடியாது. பிராசஸர் இருக்கிறதே என்ற தைரியத்தில் சிவப்பிலேயே ஓட்டுபவர்கள், கெட்ட ஒலியைப் பத்திரமாகப் பெட்டிக்குக் கொண்டுசேர்க்கிறார்கள்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: மிக்ஸர், அடுத்து பிராசஸர், கடைசியில் பெட்டிகள். மிக்ஸர் தாராளமாகப் பச்சையிலும் உச்சத்தில் மஞ்சளிலும் ஓடும்போது, பிராசஸரின் உள்வழி விளக்கும் அதே நிலையில் இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அதைப் பெட்டியின் குமிழில் ஒருமுறை வைத்து, அந்தக் குமிழை அப்படியே விட்டுவிடுங்கள்.

எப்போது பையிலேயே விட்டுவிடலாம்?

சப் இல்லாமல் இரண்டே டாப், சிறிய அறை என்றால் நான் பிராசஸரைக் கொண்டுபோவதில்லை. பிரிக்கக் கிராஸ்ஓவர் இல்லை, சேர்க்கத் தூரம் இல்லை. பெட்டியின் பின்னால் இருக்கும் இரண்டு மூன்று தேர்வுகளே போதும். ஒரே வரிசையைச் சேர்ந்த சப்பும் டாப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போதும் அநேகமாக இதே நிலைதான். இரண்டு டாப்களுக்கு நடுவே ஒற்றைச் சப், வேறு வேறு தயாரிப்புகள், நீண்ட கூடம், அடுத்தடுத்துப் பல டிஜேக்கள் என்று வரும்போது அதைத் தவறாமல் எடுத்துக்கொள்வேன்.

எடுத்துக்கொண்டால் ஒரு பழக்கமும் கூடவே வர வேண்டும். மிக்ஸரையும் பிராசஸரையும் முதலில் இயக்கி, பவர்டு ஸ்பீக்கர்களைக் கடைசியாக இயக்குங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கர்களை முதலில் அணையுங்கள். பிராசஸர் விழிக்கும்போதும் உறங்கும்போதும் 'டப்' என்று ஒரு துடிப்பை வெளியே விடக்கூடும். பெட்டிகள் அணைந்திருந்தால் அது யார் காதிலும் விழாது.